சுதந்திரவாதத்தை எடுத்துச் சொல்வது எப்படி? பனைமரத்தடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சுதந்திரவாதம் பேசப் போனவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் அவர் எடுத்த எடுப்பில் சொல்லும் வாக்கியம்தான் காரணம். ‘வரி என்பது திருட்டு’ என்று ஆரம்பித்தால், கேட்பவர் மனதில் ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி, சத்துணவு மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும், அந்த மூன்றையும் பிடுங்க வந்தவரின் பேச்சாகவே காதில் விழும். லிபர்டேரியன் என்று உலகம் சொல்லும் இந்தச் சிந்தனையைத் தமிழ் வாசகரிடம், தமிழ்நாட்டு அனுபவத்தை வைத்தே எப்படிச் சொல்வது, வரும் எதிர்க்கேள்விகளுக்கு எப்படி நேர்மையாகப் பதில் கொடுப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் ஒற்றை வரியைத் தயார் செய்யுங்கள்

நூறு பக்கம் படித்திருந்தாலும் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: அடுத்தவர் உடலுக்கும் உடைமைக்கும் கேடு செய்யாத ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால், தடுக்கிறவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

இந்த வரியின் உயிர் அதன் கடைசிப் பாதியில் இருக்கிறது. இட்லிக் கடை போட விரும்பும் அம்மா ‘நான் ஏன் கடை போட வேண்டும்’ என்று விளக்கத் தேவையில்லை. ‘நீ ஏன் போடக் கூடாது’ என்று சொல்கிற அதிகாரிதான் விளக்க வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகக் கிடக்கிறது, கடை போடுகிறவர்தான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரணமே காட்ட முடியாது என்று நாம் சொல்லவில்லை. சாக்கடை ஓரத்தில் சமைத்தால் காரணம் இருக்கிறது. காரணம் காட்டும் பொறுப்பு யார் தலையில் என்பதுதான் விஷயம்.

பேசப் போவதற்கு முன் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தச் சிந்தனைக்குள் மூன்று வகையினர் உண்டு. அரசே வேண்டாம் என்பவர்கள் ஒரு முனை. காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு இவ்வளவு போதும் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் போன்றவர்கள் நடுவில். யாரும் பட்டினி கிடக்காதபடி ஒரு அடிப்படை உத்தரவாதத்தை அரசு தரலாம் என்று ஒப்புக்கொண்ட ஹயக், எளியவர்களுக்குப் பணமாகவே கொடுத்துவிடலாம் என்ற மில்டன் ஃப்ரீட்மன் போன்ற பொருளாதார அறிஞர்கள் மறுமுனை. ஒரு கேள்விக்கு ஒரு முனையிலிருந்தும் அடுத்த கேள்விக்கு இன்னொரு முனையிலிருந்தும் பதில் சொன்னால், கேட்பவர் சரியாகவே உங்களைப் பிடித்துவிடுவார். பொதுவான உரையாடலுக்கு மூன்றாவது நிலைதான் உறுதியானது என்பது எங்கள் கணிப்பு. இந்த வழிகாட்டியும் அங்கே நின்றே பேசுகிறது.

இரண்டாம் படி: கொள்கையை மூடிவைத்துவிட்டு ஒரு தடையை எடுங்கள்

நல்ல உதாரணத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும். கேட்பவர் கண்ணால் பார்த்த தொழிலாக இருக்க வேண்டும். தடையால் அடிபடுகிறவர் எளியவராக இருக்க வேண்டும். பக்கத்திலேயே, அல்லது முன்னொரு காலத்தில், அந்தத் தடை இல்லாத இடம் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தை இங்கே உதாரணமாக எடுத்தால் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

மூன்றும் தேறும் உதாரணம் பனை. அதை இப்படிச் சொல்லுங்கள்.

பனையேறி விடியற்காலையில் மரத்தில் ஏறுகிறார். இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்திய பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டி இறங்குகிறார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சொட்டுகிற சாறு புளிக்காது, அது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் புளித்து நுரைகட்டும், அது கள். அதே மரம், அதே பாளை, அதே ஆள். சுண்ணாம்பு இருந்தால் அவர் தொழிலாளி, இல்லாவிட்டால் குற்றவாளி. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் திறந்திருக்கின்றன. சரி, இங்கே மதுவே கிடையாதா என்றால், 1983ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பாட்டில் விற்கிறது.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். முடித்ததும் ஒரு கேள்வி: ‘மரமேறி இறக்குகிறவர் விற்றால் குற்றம், அரசு விற்றால் வருமானம். இந்த வித்தியாசத்துக்கு யார் காரணம் காட்ட வேண்டும்?’ கேட்டதும் நிறுத்திவிடுங்கள். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் கெடுக்கிறோம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலையும் நாமே சொல்லி, அதற்கு மேல் ஹயக்கையும் இழுத்துவந்து விடுகிறோம். பத்து வினாடி மௌனம் தாங்கினால் கேட்பவரே மீதியைப் பேசுவார்.

மூன்றாம் படி: மூன்று கேள்விகளால் கொள்கைக்கு வாருங்கள்

உதாரணம் பிடிபட்ட பிறகு, எந்தத் தடைக்கும் பொருந்தும் மூன்று கேள்விகளைக் கொடுங்கள். தடுப்பவருக்கு, தடுக்கும் அளவுக்கு விவரம் தெரியுமா? தடையால் லாபம் அடைவது யார்? கண்ணுக்குத் தெரியாமல் இதில் அழிந்தது என்ன?

முதல் கேள்விக்குச் சரியான எடுத்துக்காட்டு தொழில் உரிம முறை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பெரிய தொழிற்சாலை தொடங்கவும் விரிவாக்கவும் அப்போது டெல்லியின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்வதே விதிமீறலாக இருந்தது. மக்களுக்கு எத்தனை ஸ்கூட்டர் தேவை என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை. அதனால்தான் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1955லேயே, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காகக் கூட்டிய பொருளாதார அறிஞர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதிக் கொடுத்தார். பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்ற அறிவிப்பு வந்தது 1991 ஜூலை 24ஆம் தேதி.

இரண்டாவது கேள்விக்கும் இதே உதாரணம் உதவும். உரிமம் கையில் வைத்திருந்த பழைய கம்பெனிக்குப் போட்டியே இல்லை. உரிமம் கிடைக்காமல் நின்றவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மூன்றாவது கேள்விக்குத் தங்கக் கட்டுப்பாட்டைச் சொல்லுங்கள். 1963ல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று விதி வந்தது. தங்க மோகத்தையும் கடத்தலையும் குறைப்பதுதான் நோக்கம். மோகம் குறையவில்லை, கடத்தல் செழித்தது. பட்டறையில் குந்தியிருந்த பொற்கொல்லர்களின் பிழைப்புதான் போனது, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1968ல் தனிச் சட்டமாகவே வந்த தங்கக் கட்டுப்பாடு 1990ல் நீக்கப்பட்டது. நோக்கம் நல்லது என்பதால் விளைவும் நல்லதாகிவிடாது என்று வெறுமனே சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். பட்டறையைக் காட்டினால் அசைவார்கள்.

நான்காம் படி: எதிர்க்கேள்வியை வாங்குவது

வரும் கேள்வியை, பதில் சொல்வதற்கு முன், கேட்டவர் சொன்னதைவிட வலுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். ‘நீங்கள் கேட்பது இதுதானே?’ என்று அவர் தலையாட்டிய பிறகே பேசுங்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை.

‘கள்ளை விட்டால் குடி பெருகாதா? கலப்படம் வராதா?’

குடியால் சீரழிந்த வீட்டுப் பெண்ணின் கேள்வி இது. லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிப்பதும், சம்பளத்தைப் பறிப்பதும் அடுத்தவர் மேல் நடத்தும் கேடு. அதைத் தண்டிப்பதற்குத்தான் அரசு இருக்கிறது, நம் கொள்கைப்படியும் அதன் முதல் கடமை அதுவே. கலப்படப் பயமும் நியாயமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆனால் அந்தச் சாராயம் ஏற்கெனவே தடை செய்யப்பட்டதுதான். கடைப் பெயர் தெரியாத, ரசீது இல்லாத, புகார் கொடுத்தால் வாங்கியவரும் மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் விஷம் துணிந்து கலக்கிறது. மதுவிலக்கே வேண்டும் என்று ஒருவர் உறுதியாக நின்றால், ‘அப்படியானால் முதலில் மூட வேண்டியது அரசுக் கடையையா, பனையேறியின் கலயத்தையா’ என்று மட்டும் கேளுங்கள். அவரை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

‘ரேஷனையும் சத்துணவையும் எடுத்துவிடுவீர்களா?’

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பதிலை இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏழைக்கு உதவ வரிப்பணம் செலவாவது ஒன்று. அந்த உதவியை அரசே கடை வைத்து, லாரி வைத்து, கிடங்கு வைத்து நடத்துவது வேறு. முதலாவதை ஏற்றுக்கொண்டே இரண்டாவதைக் கேள்வி கேட்கலாம். காமராஜர் 1956ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982ல் விரித்த பள்ளி உணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவந்தது. அதை மறுத்துப் பேசுகிறவர் அறையை விட்டு வெளியேறிவிடலாம்.

வரிசை முக்கியம். ஏழையின் வழியில் கிடக்கும் தடைகளை முதலில் எடுக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் உதவியைப் பற்றிய பேச்சு அதற்கு வெகு பின்னால். தள்ளுவண்டிக்காரருக்கு மாமூல் தொல்லையை வைத்துக்கொண்டே அவர் அரிசியில் கைவைக்கச் சொல்கிற ஆள் எங்கள் பார்வையில் சுதந்திரவாதியே அல்ல.

‘இது முதலாளிகளுக்கு வக்காலத்துதானே?’

சந்தையின் பக்கம் நிற்பது வேறு, கம்பெனிகளின் பக்கம் நிற்பது வேறு. இதை நிலத்தை வைத்து விளக்குங்கள். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, ‘பொது நோக்கம்’ என்று சொல்லி விவசாயியின் நிலத்தை அவர் சம்மதமில்லாமல் அரசு எடுக்க முடிந்தது, கம்பெனிக்கும் கொடுக்க முடிந்தது. சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1978ல் 44ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, சாதாரணச் சட்ட உரிமையாக இறக்கியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான், தனியார் திட்டத்துக்கு நிலம் எடுக்க, பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும் என்றானது. மீதி 20 சதவீதத்தின் ‘முடியாது’வுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்தான் சுதந்திரவாதி. பெரிய கம்பெனிக்கு ஆள் பலம், வக்கீல் பலம் எல்லாம் உண்டு. இரண்டு ஏக்கர்க்காரருக்கு இருக்கும் ஒரே அரண் பட்டா.

‘கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆற்றை நாசமாக்கிவிடுவார்களே?’

நொய்யலைச் சொல்லுங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலந்து, 1990களில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசனம் செய்தவர்களின் கிணறும் நிலமும் கெட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சட்டம், அதிகாரி எல்லாம் இருந்தபோதே நடந்தது இது. வழக்குத் தொடுத்தவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை வழக்கு போனது. அடுத்தவர் நிலத்தில் உப்பைக் கொட்டுவது சுதந்திரம் ஆகாது, அது அத்துமீறல். நம் ஒற்றை வரிப்படியே அதைத் தடுக்கலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான பட்டறைகள் சேர்ந்து கெடுக்கும்போது எந்தப் பட்டறையின் உப்பு எந்தக் கிணற்றில் என்று தனித்தனியாக நிரூபிக்க முடியாது. அதனால் கழிவு வெளியேற்றத்துக்குப் பொதுவான விதி வேண்டும். அந்த விதி எதை வெளியே விடக் கூடாது என்று சொன்னால் போதும், எந்த இயந்திரம் வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘ரோடு யார் போடுவார்கள்?’ என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ரோட்டை அரசு போடட்டும், அந்த ரோட்டோரத்தில் பூ விற்கிறவரை விரட்டாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

‘நாம் ஓட்டுப்போட்ட அரசுதானே தடுக்கிறது?’ என்பவரிடம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நினைவூட்டுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் 2008ல் நிறைவேற்றியது. இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்ய அது பயன்பட்டது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரும்பான்மை தொட முடியாத சில எல்லைகள் தனிமனிதரைச் சுற்றி இருக்கின்றன என்பதை நம் அரசியல் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

ஐந்தாம் படி: சாதிக் கேள்விக்குத் தனியாகத் தயாராகுங்கள்

‘அரசு ஒதுங்கினால் சாதிதானே ஆளும்?’ எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். ஐரோப்பியப் புத்தகங்களில் இதற்குப் பதில் கிடையாது. நாமே யோசித்தாக வேண்டும்.

சாதி ஒருநாளும் சுதந்திர ஒப்பந்தமாக இருந்ததில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தொழில் செய்யலாம், எந்தத் தெருவில் நடக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதை அடிதடியாலும் ஊர்விலக்காலும் திணித்த உரிம ராஜ்யம் அது, எந்த அரசாணையும் தேவைப்படாத ஒன்று. தலையிடுகிறவர் காரணம் காட்ட வேண்டும் என்ற நம் வரி, தாசில்தாருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு ஊர்ப் பெரியவருக்கும் பொருந்தும்.

அடுத்து, தமிழர் வரலாற்றில் உள்ள மிகத் தெளிவான சுதந்திரவாதச் செயலைக் காட்டுங்கள்: சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் வேண்டாம், சடங்கு வேண்டாம். இரண்டு பேர் சம்மதமும் சாட்சிகளும் போதும். பல்லாண்டுகளாக மக்கள் செய்துகொண்டிருந்ததை 1967ல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லுபடியாக்கியது. அரசு புதிதாக எதையும் கட்டளையிடவில்லை. இரண்டு பேர் எடுத்த முடிவுக்குக் குறுக்கே நின்றதை விலக்கிக்கொண்டது, அவ்வளவே.

சுயமுயற்சிக்கு விருதுநகரைச் சொல்லலாம். பிறர் கதவடைத்த காலத்தில் நாடார் வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கியும், வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்தும் 1889ல் சத்திரிய வித்தியாசாலையை எழுப்பினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மகமைக்குப் பின்னால் ஊர்க்கட்டுப்பாட்டின் அழுத்தமும் இருந்தது, சேர்த்து வைக்க வணிகமே இல்லாத சமூகங்களுக்கு இந்த வழி திறக்கவில்லை.

பிறகு வருவது நாம் உண்மையிலேயே வளைந்து கொடுக்க வேண்டிய இடம். கடைக்காரர் யாருக்கு விற்பது என்பது அவர் இஷ்டம் என்று கறாரான சுதந்திரவாதம் சொல்லும். ஊரிலுள்ள ஒரே டீக்கடையும் ஒரே கிணறும் ஒரே நிலமும் ஒரே சாதியின் கையில் இருந்தால், அது சந்தையே அல்ல, முற்றுகை. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவையும், கடையிலும் ஓட்டலிலும் கிணற்றிலும் சாதி பார்க்கக் கூடாது என்ற 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவையும் முழு மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இடஒதுக்கீடு பற்றிய பேச்சு வந்தால், அரசு வேலை யாருடைய தனிச்சொத்தும் அல்ல, அதை எப்படிப் பங்கிடுவது என்பது தனிமனிதரின் தொழிலைத் தடுப்பதிலிருந்து வேறான கேள்வி என்று சொல்லி, பேச்சைத் தடைகளின் பக்கம் திருப்புங்கள்.

எங்கே கெடுகிறது

ராஜாஜியை வைத்துத் தொடங்கினால் கெடும். ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்’ என்று பெயர் சூட்டியவர் அவர். 1952ல் சென்னை மாநிலத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர், 1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர். அந்தக் கட்சி 1967ல் மக்களவையில் 44 இடம் பிடித்தது. இதெல்லாம் இருந்தும், அவர் பெயரைச் சொன்னதும் கேட்பவருக்கு நினைவு வருவது 1953ஆம் ஆண்டின் அரைநாள் பள்ளித் திட்டம், மக்கள் குலக்கல்வி என்று எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. 1937ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே என்பதால் பனை உதாரணத்தோடும் மோதும். அவரே பேச்சில் வந்தால் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள், நீங்களாக இழுக்க வேண்டாம்.

‘தனியார்மயம்’ என்ற சொல்லையும் தள்ளி வையுங்கள். டெண்டர், கமிஷன், ஆட்குறைப்பு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். ‘அனுமதி இல்லாமலே செய்ய விடு’ என்பது எல்லாருக்கும் புரியும். ஒரே நாளில் ஒரு தடைக்கு மேல் பேசாதீர்கள். கட்சிச் சண்டையாக மாறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். 1987க்குப் பிறகு வந்த எல்லா ஆட்சியிலும் கள்ளுக்குத் தடை இருந்திருக்கிறது என்பது அப்போது உதவும்.

ஆறாம் படி: பேச்சை ஒரு மனுவாக்குங்கள்

தலையாட்டிவிட்டுப் போனவர் அடுத்த வாரம் மறந்துவிடுவார். சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அதற்குத் தோதானது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது என்கிறது அதன் 3ஆவது பிரிவு. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு.

உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள், கட்டணம் 10 ரூபாய். நான்கு கேள்வி போதும்: கடைசிக் கணக்கெடுப்பு எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது, விற்பனைக் குழு கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, அதில் வியாபாரிகள் தரப்பு உறுப்பினர்கள் யார் யார். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேதி, எண்ணிக்கை, நகல் மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலோடு அந்த 3ஆவது பிரிவையும் ஒரு நகல் எடுத்து, மார்க்கெட் வாசலில் தட்டு வைத்திருக்கும் பூக்கார அக்காவிடம் கொடுங்கள். போகும்போது, உங்களோடு வாதாடிய நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.